லோடுல ஏத்தம் ஏற மாட்டேங்குது, பூஸ்ட் 0.4-ஐத் தாண்டல, புகையும் இல்ல. டர்போ மாத்தணுமா?

பத்துசக்கரம்:

எல்லா அண்ணன்மாருக்கும் வணக்கம். வண்டி 2009 மாடல், பத்து சக்கரம். 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர், டர்போ, அந்தக் காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலர், இன்லைன் பம்பு (சிலிண்டருக்கு டீசலை அழுத்தித் தள்ளுற பெரிய பம்பு). எலக்ட்ரானிக் சாமான் எதுவும் கிடையாது.

காலி வண்டியில ஒரு குறையும் தெரியல. லோடோட சேலத்துல இருந்து தர்மபுரி பக்கம் தொப்பூர் ஏத்தம் ஏறும்போதுதான் பிரச்சனை. ஆக்சிலேட்டர் முழுசா மிதிச்சிருந்தாலும் 1,400 ஆர்.பி.எம்.முக்கு இறங்கிடுது. மேனிஃபோல்டுல (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) மாட்டியிருக்கிற, டர்போ தள்ளுற காத்தழுத்தத்தைக் காட்டுற பூஸ்ட் மீட்டர் இதே ஏத்தத்துல முன்னாடி 1.1 பார் காட்டும், இப்ப 0.4-லயே நிக்குது. கரும்புகை இல்லவே இல்ல.

இன்னும் ரெண்டு விஷயம். கிளம்பி அரைமணி நேரம் ஓடினப்புறம் இழுவை இன்னும் குறையுது, ஓரங்கட்டி பத்து நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு எடுத்தா கொஞ்ச தூரம் நல்லா போகுது. அப்புறம், காலையில டீசல் ஏத்துற கை பம்பை இருபது முப்பது தடவை அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுது.

ஏர் ஃபில்டர் புதுசு. டீசல் ஃபில்டர் ரெண்டும் மாத்தி 3,000 கி.மீ. ஆச்சு. டர்போ வாயில கை விட்டு சுத்திப் பார்த்தா வீல் லேசா சுத்துது, உரசல் இல்ல. பட்டறையில டர்போவை மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமா, இல்ல முன்னாடி வேற எதாவது பார்க்கணுமா?

பம்புமேசை:

டர்போவுல இப்ப கை வைக்காதீங்க தம்பி. நீங்க சொல்ற அடையாளம் எல்லாமே டீசல் பக்கம்தான் காட்டுது.

டர்போ சுத்துறது சைலன்சர் பக்கம் போற புகையோட சூட்டுலயும் வேகத்துலயும். சிலிண்டருக்குள்ள டீசல் குறைவா எரிஞ்சா அந்தச் சூடு வராது, டர்போ வேகம் பிடிக்காது, மீட்டர் ஏறாது. அடுப்புல தீ இல்லாம சோறு வேகலன்னு பானையை மாத்தின கதையாத்தான் முடியும். இழுவை இல்லாம கரும்புகை வந்தா காத்து பத்தல. இழுவையும் இல்லாம புகையும் இல்லன்னா டீசல் பத்தல. இதை வச்சுத்தான் எந்தப் பக்கம் தேடுறதுன்னு முடிவு பண்ணணும்.

ஸ்பானர் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. ஒருத்தரை கேபின்ல உக்கார வச்சு ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கச் சொல்லுங்க. நீங்க பம்பு பக்கத்துல நின்னு, லீவர் கடைசி ஸ்டாப் போல்ட்டுல போய் முட்டுதான்னு பாருங்க. கால் மேட் மடிஞ்சிருந்தாலோ, கேபிள் நீண்டிருந்தாலோ, லிங்கேஜ் புஷ் தேய்ஞ்சிருந்தாலோ கடைசி கால்வாசி வரவே வராது. காலி வண்டியில இது தெரியாது. இன்ஜினை நிறுத்துற ஸ்டாப் லீவரும் முழுசா திரும்பி வந்திருக்கணும்.

இது சரியா இருந்தா கேன் டெஸ்ட். சுத்தமான 10 லிட்டர் கேன்ல நல்ல டீசல் ஊத்துங்க. ஃபீடு பம்புக்கு (டேங்க் டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குக் கொடுக்கிற சின்ன பம்பு) டேங்க்ல இருந்து வர்ற பைப்பைக் கழட்டிட்டு, கேன்ல இருந்து நேரா ஒரு ஹோஸ் கொடுங்க. ரிட்டர்ன் பைப்பையும் அதே கேனுக்குள்ள விடணும். இதைப் பல பேர் மறந்துடறாங்க. இன்லைன் பம்பு, இன்ஜின் எரிக்கிறதை விட அதிகமா டீசலைத் திருப்பி அனுப்பும், ரிட்டர்ன் டேங்குக்குப் போனா கேன் வழியிலயே காலியாகிடும். கேனை டர்போ, சைலன்சர் பக்கம் வைக்காம பாடி பக்கம் இறுக்கிக் கட்டி, அதே லோடோட அதே ஏத்தம் ஏறிப் பாருங்க.

இதை ரெண்டு தடவை பண்ணணும். முதல் தடவை கேன் பம்பை விட உயரத்துல இருக்கட்டும். ரெண்டாவது தடவை டேங்க் மட்டத்துக்கு இறக்கி வைங்க. உயரத்துல மட்டும் வச்சுப் பார்த்தா டீசல் தானா இறங்கி வந்து, ஃபீடு பம்பு பலவீனமா இருக்கிறதை மறைச்சிடும். மேல வச்சா இழுத்து, கீழ வச்சா இழுக்கலன்னா ஃபீடு பம்பு. ரெண்டுலயும் இழுத்தா டேங்க்கும் டேங்க் லைனும். ரெண்டுலயும் இழுக்கலன்னா குறை ஃபீடு பம்புக்கு அப்புறம்: ஃபில்டர், ஓவர்ஃப்ளோ வால்வு, பெரிய பம்பு, நாசில்.

அரைமணி ஓடினா மோசம், நிறுத்தினா சரியாகுதுன்னு சொன்னீங்களே, அதுக்கு ரெண்டு காரணம் உண்டு. ஒண்ணு, டேங்க் மூடியோட பிரீதர் ஓட்டை அடைச்சிருக்கும். டீசல் குறையக் குறைய உள்ள காத்து போக வழியில்லாம வேக்குவம் பிடிக்கும். ஏத்தத்துல மக்கர் பண்ற அந்த நேரத்துலயே ஓரங்கட்டி மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்தா அதுதான். ரெண்டு, டேங்க் அடியில கிடக்கிற கசடு உறிஞ்சு குழாய் வலையில போய் ஒட்டும். இழுப்பு நின்னதும் தானா கீழ விழுந்துடும். டேங்கைக் கழுவாம ஃபில்டரை எத்தனை தடவை மாத்தினாலும் இது போகாது.

காலையில கை பம்பு அடிக்க வேண்டியிருக்கிறது தனிக் குறை. லைன் காத்து எடுக்குது. டேங்க்குக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவுல இருக்கிற லைன் உறிஞ்சுற பக்கம், அங்க ஓட்டை இருந்தா வண்டி ஓடும்போது டீசல் வெளிய ஒழுகாது, காத்துதான் உள்ள போகும். அதனால வெளிய தொட்டுப் பார்த்தா எல்லாம் காஞ்சு சுத்தமாத்தான் இருக்கும். ராத்திரி நிக்கும்போது அதே ஓட்டை வழியா காத்து போய் டீசல் மொத்தமும் டேங்க்குக்கு இறங்கிடும்.

கண்டுபிடிக்க ஃபீடு பம்புக்கு முன்னாடி ஒரு அடி நீளத்துக்கு கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டுங்க. ஆரம்பத்துல வர்ற குமிழ் கணக்கில்ல, அஞ்சு நிமிஷம் ஓடினப்புறமும் வந்துக்கிட்டே இருந்தா காத்து. சோதனை முடிஞ்சதும் அந்த ஹோஸைக் கழட்டிடுங்க. டீசல்ல ஊறி விறைச்சு அதுவே வெடிப்பு விடும். அப்புறம் லைனோட ரெண்டு முனையையும் கழட்டி, ஒரு முனையை அடைச்சு, மறு முனையில 0.3 பார் அளவுக்கு மட்டும் காத்து கொடுத்து சோப்புத் தண்ணி தடவுங்க. டேங்க்கோட சேர்த்து காத்து அடிக்காதீங்க, டேங்க் உப்பிடும்.

பெரும்பாலும் பாஞ்சோ போல்ட்டோட (நடு ஓட்டை வழியா டீசல் போற போல்ட்) செம்பு வாஷர்தான். ஒவ்வொரு தடவை கழட்டும்போதும் புதுசு போடணும். டெஃப்ளான் டேப் சுத்துறது, எம்-சீல் அப்புறது ரெண்டும் வேண்டாம். டேப்போட துணுக்கு ஃபீடு பம்பு வால்வுல போய் உக்காந்தா அடுத்த வாரம் வேற குறையோட வருவீங்க.

வேக்குவம் மீட்டர் கிடைச்சா ஃபீடு பம்பு வாசல்ல டி ஜாயின்ட் போட்டு, முழு ஆர்.பி.எம்.முல பாருங்க. சுமார் 100 மி.மீ. பாதரசத்துக்கு மேல போனா உறிஞ்சுற பக்கம் அடைப்பு, வேற ஆராய்ச்சியே தேவையில்ல.

கடைசியா ஒண்ணு, பம்பு சீலை உடைச்சு டீசலைக் கூட்டறதுக்கு மட்டும் யாரையும் விடாதீங்க. குறை லைன்ல இருக்கும்போது பம்பைத் திருகினா, லைன் சரியான அன்னைக்கு டீசல் அளவுக்கு மீறிக் கொட்டும். டர்போவுக்கு முன்னாடி சூடு 700 டிகிரியைத் தாண்டினா பிஸ்டனும் தாங்காது, டர்போவும் தாங்காது.

காத்துக்குழாய்:

பம்புமேசை அண்ணன் சொன்ன வரிசை சரி. ஆனா புகை இல்லன்னா டீசல் பக்கம்னு முடிவு பண்றது இந்தப் பம்புக்கு முழுசா பொருந்தாது. பம்போட கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தற பகுதி) மேல தொப்பி மாதிரி ஒரு டயாஃப்ரம் டப்பா இருக்கும், மேனிஃபோல்டுல இருந்து சுண்டு விரல் தடிமன் கூட இல்லாத குழாய் ஒண்ணு அதுக்கு வரும். பூஸ்ட் ஏற ஏற டயாஃப்ரம் கீழ அமுங்கி ரேக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற தண்டு) இன்னும் கொஞ்சம் தள்ள விடும். பூஸ்ட் இல்லாதப்ப டீசலைக் குறைச்சுப் புகையைத் தடுக்கிறதுதான் அதோட வேலை.

அப்ப என்ன ஆகும்? இன்டர்கூலர் ஹோஸ் கிழிஞ்சு காத்து வெளிய போனா பூஸ்ட் ஏறாது. டயாஃப்ரம் டீசலையும் குறைச்சிடும். கரும்புகை வராது, இழுவையும் இருக்காது. பார்க்க டீசல் பத்தாத மாதிரியே இருக்கும், குறை காத்துல. அந்தச் சின்ன குழாய் அதிர்வுல வெடிச்சாலோ, உள்ள கரி அடைச்சாலோ, டயாஃப்ரம் கிழிஞ்சாலோ இதே கதைதான்.

குழாயை ரெண்டு பக்கமும் கழட்டி ஊதிப் பாருங்க. டப்பாவுக்கு மீட்டர் வச்ச காத்தடிக்கிற கை பம்புல 1 பார் கொடுத்து நிறுத்துங்க. முள் நிக்கணும். இறங்கிக்கிட்டே இருந்தா டயாஃப்ரம் போச்சு, பம்பு கடைக்குத்தான் போகணும். மேல இருக்கிற ஸ்குரூவைத் திருகிச் சமாளிக்காதீங்க.

அடுத்து காத்து லீக் சோதனை. ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழட்டிட்டு டர்போ வாய்க்கு ஒரு மூடி போடுங்க. பி.வி.சி. எண்ட் கேப்ல டயர் வால்வு ஒண்ணைப் பொருத்தி, ரப்பர் ஹோஸும் ரெண்டு கிளிப்பும் போட்டாப் போதும். ரெகுலேட்டர் வச்சு 1 பார் கொடுங்க. வண்டியோட பிரேக் டேங்க்ல இருந்து நேரா கொடுக்காதீங்க, அதுல 7, 8 பார் இருக்கும், மூடி பறந்து வந்து முகத்துல அடிக்கும். 1 பாருக்கே மூடிக்கு நேரா நிக்கக் கூடாது.

காத்து நின்னதும் எல்லா ஜாயின்ட்டுலயும் சோப்புத் தண்ணி. ஹோஸோட அடிப்பக்கத்தைக் கை விட்டுத் தடவணும். கிழிசல் பெரும்பாலும் கீழ, சேஸிஸ் உரசுற இடத்துல இருக்கும், பூஸ்ட் இல்லாதப்ப உதடு மாதிரி மூடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. இன்ஜினுக்குள்ள எதாவது ஒரு சிலிண்டரோட வால்வு திறந்து நிக்கும், அதனால மெதுவா அழுத்தம் குறையறது சகஜம். வெளிய குமிழ் வரக் கூடாது, அதுதான் கணக்கு.

இன்டர்கூலர் மேல சந்தேகம் இருந்தா தனியா கழட்டி, ரெண்டு வாயும் அடைச்சு, 2 பார் கொடுத்து காத்தை நிறுத்துங்க. 15 விநாடியில 0.35 பாருக்கு மேல இறங்கினா லீக். உள்ள லேசா ஆயில் ஈரம் இருந்தா பயப்பட வேண்டாம், கிண்ணம் நிறைய ஊத்தற அளவு இருந்தா டர்போ சீல் பக்கம் போங்க.

எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைச்சு வேகத்தைக் குறைக்கிறது) தகட்டையும் பாருங்க. நம்ம வண்டிகள்ல யாரும் திரும்பியே பார்க்காத இடம் அதுதான். சுவிட்சை விட்டப்புறமும் பட்டாம்பூச்சித் தகடு பாதி மூடி நின்னா புகை வெளிய போக வழியில்லாம இழுவை செத்துடும். லீவரைக் கையால ஆட்டினா ரெண்டு பக்கமும் தடையில்லாம வரணும். புகை போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவுல கேஸ்கெட் ஊதினாலும் டர்போவுக்குப் போற வேகம் குறையும். போல்ட் ஓரமா கரிக்கோடு இழுத்திருக்கும், குளிர்ந்த இன்ஜின்ல டிக் டிக்னு சத்தம் வரும்.

டர்போ வீல் லேசா சுத்துறது மட்டும் போதாது. ஷாஃப்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க, அந்த ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. டயல் கேஜ்ல 0.1 மி.மீ.க்கு மேல போனா திரஸ்ட் பேரிங் தேய்ஞ்சிருக்கு. மேலும் கீழுமா கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், ஓரத்துல உரசாம இருந்தாச் சரி.

பூஸ்ட் சோதனை நின்ன வண்டியில பண்ணாதீங்க. லோடு இல்லாம ரேஸ் கொடுத்தா நல்ல டர்போவே முள்ளைப் பெருசா அசைக்காது.

பம்புமேசை:

சரியான திருத்தம். டயாஃப்ரம் இருக்கிற பம்புக்கு நான் சொன்ன புகைக் கணக்கு முழுசா செல்லாது. ஆனா இந்த வண்டிக்குக் காத்து எடுக்கற அடையாளம் தெளிவா இருக்கு. அதனால கேன் டெஸ்ட் முதல்ல. கேன் போட்டும் பூஸ்ட் பாதிதான் ஏறினா, மீதிக்கு நீங்க சொன்னது.

பத்துசக்கரம்:

ரெண்டு நாள்ல எல்லாம் பார்த்துட்டேன் அண்ணா. லீவர் ஸ்டாப்புல முட்டுது. மூடி பிரீதர் சுத்தம், திறந்தப்ப சத்தம் இல்ல.

கேனை மேல வச்சப்ப 0.75 பார். கீழ வச்சப்பவும் 0.75. அரைமணிக்கு மேல ஓடியும் குறையல. டேங்க் லைனை மறுபடி மாட்டி பிளாஸ்டிக் ஹோஸ்ல பார்த்தா, சோடா மாதிரி பொடிக் குமிழ் நிக்காம வருது.

டேங்கை இறக்கினோம். அடியில விரல் கனத்துக்கு கருப்பா வழவழன்னு சேறு. உறிஞ்சு குழாய் வலையில அந்தச் சேறும், கூட கைதுடைக்கிற பனியன் துணி நூலும். டேங்க் பக்கத்து பாஞ்சோ வாஷர் ஒண்ணு ஒரு ஓரம் அமுங்கி இருந்துச்சு, ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில வெடிப்பு.

இதெல்லாம் சரி பண்ணியும் 0.75-தான். இப்ப காத்துப் பக்கம் போகவா?

பம்புமேசை:

கேன் கீழ இருந்தும் அதே 0.75 வந்ததால ஃபீடு பம்பு தப்பிச்சது. ஆனா எதுக்கும் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்க. லெவல் ஏறியிருந்தாலோ டீசல் வாசம் அடிச்சாலோ ஃபீடு பம்பு தண்டு ஓரமா டீசல் ஆயில்ல கலக்குது. அந்த ஆயிலோட லோடு இழுத்தா பேரிங் போயிடும், உடனே நிறுத்தணும்.

கருப்புச் சேறுன்னா டேங்க்ல தண்ணி தேங்கி ரொம்ப நாளாச்சு. தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துல வளர்ற பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது. டேங்கை டீசல்லயே கழுவி முழுசா காய வச்சு மாட்டுங்க. வாட்டர் செப்பரேட்டர் இருந்தா தினமும் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி திறந்து விடுங்க, ஓடினப்புறம் தண்ணி கலங்கிடும்.

ஓவர்ஃப்ளோ வால்வையும் பார்த்துடலாம். பம்புல இருந்து ரிட்டர்ன் போற இடத்துல போல்ட் மாதிரி இருக்கிறதுதான். உள்ள ஸ்பிரிங் தளர்ந்தா டீசல் பம்பு வயித்துல நிக்காம டேங்குக்கே ஓடிடும். ஃபில்டருக்கு அப்புறம் மீட்டர் போட்டு அழுத்தம் பாருங்க. எவ்வளவு இருக்கணும்ங்கிறது பம்பு வகைக்கு வகை மாறும், சின்ன இன்லைன் பம்புகள்ல 1, 1.5 பார் வரும். பம்பு தகட்டு நம்பரைக் கொடுத்தா கடையில சரியான அளவு சொல்வாங்க. ஃபில்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் 0.35 பாருக்கு மேல வித்தியாசம் இருந்தா ஃபில்டர் அடைச்சிருக்கு, 3,000 கி.மீ.தான் ஆச்சுன்னு விடாதீங்க. அந்தச் சேறு எல்லாம் அங்கதான் வந்திருக்கும்.

இது சரின்னா காத்துக்குழாய் சொன்ன லீக் சோதனை.

பி.எஸ்.4 ஓட்டுனர்:

நடுவுல கேக்கறேன், மன்னிக்கணும். இந்த கேன் டெஸ்ட், அப்புறம் பழைய வண்டியில சிலிண்டர் ஒவ்வொண்ணா டீசல் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பாங்களே அது, ரெண்டும் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல அதிக அழுத்தத்துல டீசல் நிக்கிற) வண்டிக்கும் ஆகுமா? எனக்கும் ஏத்தத்துல இழுவை குறைஞ்சு செக் லைட் எரியுது.

காத்துக்குழாய்:

நட்டைத் தளர்த்தறது கூடவே கூடாதுங்க. இன்லைன் பம்புல ஐடில்ல ஒரு பைப் நட்டைத் தளர்த்தினா சொட்டுச் சொட்டா வரும். அங்கயும் கையை விலக்கியே வைக்கணும். காமன் ரெயில்ல 1,000 பாருக்கு மேல நிக்கும், ஊசி முனை ஓட்டைல வர்ற டீசல் கையுறையையும் தோலையும் துளைச்சு உள்ள போயிடும். வலி பெருசா தெரியாது. ஆனா சில மணி நேரம் விட்டாலே கையையே எடுக்க வேண்டி வரலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கினப்புறம்தான் அந்தப் பக்கம் ஸ்பானர்.

டேங்க்ல இருந்து பம்பு வரைக்கும் இருக்கிற கம்மி அழுத்த லைனுக்கு இங்க சொன்னது பொருந்தும். ஆனா செக் லைட்டுக்கான கோட் படிக்காம ஆரம்பிக்காதீங்க. கோட்ல எஸ்.பி.என்.னு வர்ற நம்பர்தான் குறை எதுலன்னு சொல்லும்: 157 ரெயில் அழுத்தம், 102 பூஸ்ட், 94 ஃபில்டர் பக்கத்து டீசல் அழுத்தம். 94 வந்தா ஃபில்டர், லைன், டேங்க். 157 குறைவுன்னு வந்து 94 வரலன்னா மீட்டரிங் வால்வு (பம்புக்குள்ள போற டீசல் அளவைக் கட்டுப்படுத்தறது), இல்ல இன்ஜெக்டர் ரிட்டர்ன். ஒவ்வொரு இன்ஜெக்டர் ரிட்டர்னுக்கும் ஒரு பாட்டில் மாட்டி ஒரே நேரம் ஓட விடுங்க. எது மத்ததை விட ரொம்ப நிறைஞ்சிருக்கோ அதுதான் கசியுது. 102 மட்டும் வந்தா லீக் சோதனையோட, பூஸ்ட் சென்சார் முனையில கரி ஒட்டியிருக்கான்னும் பாருங்க, துடைச்சு மாட்டினாலே பல வண்டி சரியாகுது. மேற்கொண்டு கேட்கணும்னா கோடோட தனியா ஒரு கேள்வி போடுங்க.

பத்துசக்கரம்:

ஆயில் லெவல் ஏறல, வாசமும் இல்ல. ஃபில்டர் ரெண்டும் மாத்தியாச்சு. கழட்டினதை அறுத்துப் பார்த்தா மடிப்பு முழுக்க கருப்பு. ஓவர்ஃப்ளோ அழுத்தம் கடையில சொன்ன அளவுக்குள்ள இருக்கு.

லீக் சோதனையில மாட்டிக்கிச்சு. இன்டர்கூலர்ல இருந்து மேனிஃபோல்டு போற ஹோஸோட அடியில, கிளிப்பை ஒட்டி ரெண்டு அங்குலக் கிழிசல். சும்மா பார்த்தப்ப கோடு கூடத் தெரியல, 1 பார் கொடுத்ததும் வாய் திறந்து சோப்பு நுரை பறக்குது. டயாஃப்ரம் டப்பா 1 பார்ல நிக்குது. ஹோஸ் மாத்தி லோடோட தொப்பூர் ஏறினேன். 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல 1.15 பார். காலையில கை பம்பு அடிக்கல. ரேஸ் கொடுக்கும்போது மட்டும் ஒரு நொடி லேசா புகை வந்து நிக்குது, அது பரவாயில்லையா?

பம்புமேசை:

அது டர்போ வேகம் பிடிக்கிற வரைக்கும் வர்றது, பரவாயில்ல. ஏத்தத்துல தொடர்ந்து கருப்பா வந்தா மட்டும் சொல்லுங்க.

புது ஹோஸ் கிளிப்பை 200 கி.மீ. ஓடினப்புறம் ஒரு தடவை முறுக்குங்க. சூட்டுல ரப்பர் அமுங்கித் தளரும். டேங்க் கழுவினாலும் லைன் ஓரத்துல ஒட்டியிருந்த சேறு இனிமேதான் பெயர்ந்து வரும். அதனால இந்த ஃபில்டர் வழக்கமான கி.மீ. வராது. அடுத்த ரெண்டு ட்ரிப்புக்கு ஒரு செட் ஃபில்டர், நாலு செம்பு வாஷர், ஃபில்டர் கழட்டுற பெல்ட் ஸ்பானர் மூணையும் வண்டியிலயே வச்சுக்கோங்க.